சாய்ந்த தென்னையும் செயற்கைக்கோளும்

2018 நவம்பர் 16. விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் தப்பவில்லை.

இந்தச் சேதத்தை வானத்திலிருந்தும் அளக்கலாம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். இலை காய்ந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும்.

அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. விழுந்த தென்னை உடனே காய்ந்துவிடாது, சில நாள் பச்சையாகவே கிடக்கும். காயட்டும் என்று காத்திருந்தால், மழை ஈரத்தில் தோப்பெல்லாம் புல் முளைத்து அதுவும் பச்சை காட்டும்! சம்பா வயலோ அறுவடை நெருங்கினால் தானாகவே பழுக்கும்; அதைப் புயல் கணக்கில் சேர்க்க முடியுமா? அதனால் முந்தின வருஷம் அதே மாதத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கார்த்திகை மழைமேகம் மறைத்தால்? ரேடார் மேகத்தையும் ஊடுருவும். ஐரோப்பாவின் சென்டினல்-1, 2022-இல் இஸ்ரோ ஏவிய இஓஎஸ்-04 இரண்டும் அந்த வகைச் செயற்கைக்கோள்கள். பயிரை முழுதாக மூழ்கடித்து நிற்கும் வெள்ளம் அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும்.