இரண்டு பேரும் குடித்திருந்தால்?

(சிதம்பரத்தில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடலூரில் இதே மாதிரி ஒரு கூட்டம். பேசி முடித்ததும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார். "அக்கா, ஒரு பையனும் பொண்ணும் சேர்ந்து குடிக்கிறாங்க. ரெண்டு பேருக்குமே போதை. மறுநாள் அந்தப் பொண்ணு, நான் சம்மதிக்கலன்னு சொன்னா பையன் மேல மட்டும்தான் கேஸ். அவனுக்கும்தான் நிதானம் இல்ல. சமத்துவம் பேசுற நாம இதை எப்படி ஏத்துக்கிறது?"

சிலர் சிரித்தார்கள், சிலர் அவரை முறைத்தார்கள். நான் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடினேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அவர் கேள்வியில் விஷமம் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கேள்விதான் என்றாலும் அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் இன்றைக்கு முழு நேரமும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் சட்டம். வல்லுறவு வழக்கில் போதை என்பது இரண்டு வாசல் வழியாக உள்ளே வரும். ஒன்று, பாதிக்கப்பட்டவரின் சம்மதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 375, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63. போதையால், எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒரு பெண் இருந்தால், அவர் வாயால் 'சரி' என்றே சொல்லியிருந்தாலும் அது சம்மதம் ஆகாது. கவனியுங்கள்: குடித்தாலே சம்மதம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. புரிந்துகொள்ள முடியாத நிலை என்கிறது. ஒரு பீர் குடித்துவிட்டுக் காதலனோடு இருந்த பெண் மறுநாள் நினைத்தால் கேஸ் போட்டுவிடலாம் என்பது சட்டத்தில் இல்லாத கதை.

இன்னொரு வாசல், குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. பழைய 85, 86. இப்போது 23, 24. உங்களுக்குத் தெரியாமலோ உங்கள் விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது போதை கொடுத்து, நீங்கள் செய்வதே தெரியாத நிலையில் ஒன்றைச் செய்தால் அது குற்றமாகாது. நீங்களாகக் குடித்திருந்தால், நிதானத்தில் இருப்பவருக்கு இருக்கும் அறிவு உங்களுக்கும் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1956இல் உச்ச நீதிமன்றம் பாஸ்தேவ் வழக்கில் இதைத்தான் பேசியது. ஒரு திருமண வீட்டில் ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர் நிறையக் குடித்திருக்கிறார். உட்கார்ந்திருந்த பதினைந்து பதினாறு வயதுப் பையனைக் கொஞ்சம் நகரச் சொல்கிறார். பையன் நகரவில்லை. வயிற்றில் சுட்டுவிடுகிறார். போதையில் இருந்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

இந்த இரண்டாவது வாசலில் ஆண், பெண் வித்தியாசமே கிடையாது. குடித்துவிட்டுக் கொலை செய்த பெண்ணுக்கும் இதே 24தான். கடலூர் - சிதம்பரம் சாலையில் குடித்துவிட்டு பைக் ஓட்டுகிற ஒருவர், குடித்துவிட்டு ஓரமாக நடந்து போகிறவர் மேல் மோதுகிறார். 'ரெண்டு பேருமே போதை, ஏன் வண்டி ஓட்டினவன் மேல மட்டும் கேஸ்?' என்று யாராவது கேட்பீர்களா? அங்கே யார் யார் மேல் மோதினார் என்றுதான் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான்.

தம்பி சொன்ன மாதிரி, இருவருமே நிதானம் இழந்து, யார் தொடங்கினார்கள் என்றே சொல்ல முடியாத நிலை வராதா? வரலாம். அது கடினமான வழக்குதான், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். ஆனால் நம் ஊர் நீதிமன்றத்தில் நான் பார்த்த வழக்கு எதுவும் அப்படி இருந்ததில்லை.

நான் ஜூனியராக இருந்தபோது பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் வேலை. பருவம் முடிந்த அன்று தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆட்களுக்குக் கறிச்சோறு போட்டார், சரக்கும் வாங்கி வைத்தார். சேரியிலிருந்து வந்த பெண்களில் இரண்டு மூன்று பேரும் குடித்தார்கள். ஒரு பெண்ணால் எழுந்து நடக்க முடியவில்லை. மற்றவர்கள் போன பிறகு அவர் தோப்புக் கொட்டகையிலேயே கிடந்தார். நடந்தது என்ன என்பதை மருத்துவச் சான்று சொன்னது. செய்தவர் குத்தகைக்காரர்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "நீ குடிப்பியா? அன்னைக்குக் குடிச்சியா? யாராவது வாயில ஊத்துனாங்களா, நீயாத்தான் குடிச்சியா?" குற்றம் சாட்டப்பட்டவரைச் சொல்லும்போது 'அவர்'. சாட்சிக் கூண்டில் நின்ற நாற்பது வயதுப் பெண்ணுக்கு 'நீ'. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "நானாத்தாங்க குடிச்சேன்." அந்த ஒரு வரி தீர்ப்பில் மூன்று இடத்தில் வந்தது. தானாகவே குடித்தார், உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை. விடுதலை.

பெண்ணின் முந்தைய பாலியல் பழக்கத்தைக் கூண்டில் வைத்துக் கேட்கக் கூடாது என்று சாட்சியச் சட்டம் தடுக்கிறது. அது நீண்ட போராட்டத்தில் வந்த தடை. அந்தக் கதவு மூடியதும் ஆட்கள் 'குடிப்பியா' என்கிற ஜன்னலைத் திறந்துகொண்டார்கள். கேள்வி போதையைப் பற்றியது போலத் தெரியும். உண்மையில் அது நடத்தையைப் பற்றியது. அதிலும் சேரிப் பெண்ணின் நடத்தையைப் பற்றியது. அன்றைக்குக் குத்தகைக்காரரும் குடித்திருந்தார். அவரிடம் யாரும் 'நீ குடிப்பியா' என்று கேட்கவில்லை.

காயம் இல்லை, எதிர்ப்பு இல்லை என்ற இந்தப் பாட்டு பழையது. 1972இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு காவலர் வல்லுறவு செய்தார். இன்னொரு காவலர் தொட்டார், அதற்கு மேல் முடியவில்லை, ஏனென்றால் அளவுக்கு மீறிக் குடித்திருந்தார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. காவல் நிலையத்துக்குள்! 1978இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. காயம் இல்லாததால் அது அமைதியாக நடந்த விவகாரமாம். உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு பேராசிரியர்கள் அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் மாறியது. காவலில் நடந்த வல்லுறவில், உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். சாட்சியச் சட்டம் 114ஏ.

இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு வருகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணாமலை நகர் காவல் நிலையம். 1992இல் அங்கே ஒருவரை விசாரணைக்குப் பிடித்துப் போனார்கள். காவலிலேயே அவர் இறந்தார். அவருடைய மனைவியைக் காவலர்கள் கூட்டு வல்லுறவு செய்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் ஊருக்கே தெரியும். நான் சொல்ல மாட்டேன், சட்டமும் சொல்லக் கூடாது என்கிறது. ஜனநாயக மாதர் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் அந்த வழக்கை விடாமல் நடத்தினார்கள். காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 20இல் வாச்சாத்தி. 18 பெண்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைத் தண்டித்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ராஜஸ்தானில் பன்வாரி தேவி. அங்கே காவல் நிலையமோ வனத்துறையோ இல்லை, ஊர் ஆதிக்க சாதி ஆண்கள்தான். 1995இல் விசாரணை நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. மேல்சாதிக்காரர் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார் என்ற தர்க்கமும் அதில் உண்டு.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீருடை போட்டவனின் அதிகாரத்துக்கு முன்னால் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டது. தோப்பு வைத்திருப்பவன், கூலி கொடுப்பவன், ஊர்த்தெருக்காரன் என்ற அதிகாரத்தை ஒப்புக்கொள்ள அதற்கு இன்னும் முப்பது ஆண்டு ஆனது. ஆனால் ஒப்புக்கொண்டது. இதுதான் பலருக்குத் தெரியாது. 2013 திருத்தத்தில், ஒரு பெண்ணின் மேல் கட்டுப்பாடோ ஆதிக்கமோ செலுத்தும் நிலையில் இருப்பவர் செய்யும் வல்லுறவு என்று தனியாக ஒரு பிரிவு வந்தது. சம்மதம் தர இயலாத நிலையில் இருக்கும் பெண்ணை வல்லுறவு செய்வது இன்னொரு பிரிவு. இரண்டும் கடுமையான தண்டனைப் பட்டியலில், இன்றைய 64(2)இல் இருக்கின்றன. இரண்டுக்கும் அந்த அனுமானம் பொருந்தும், இப்போது சாட்சிய அதினியம் 120. காயம் எங்கே, போராடிய அடையாளம் எங்கே என்ற கேள்விக்கும் அதே திருத்தம் பதில் சொன்னது: உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது.

முந்திரித் தோப்பு வழக்கு 2013க்குப் பிறகு நடந்தது. எஃப்.ஐ.ஆரில் சாதாரண வல்லுறவுப் பிரிவு மட்டும்தான் போட்டார்கள். குற்றச்சாட்டு வனைந்தபோதும் அதேதான். தீர்ப்புக்கு முன்னால் எந்த நிலையிலும் குற்றச்சாட்டை மாற்றச் சொல்லி மனுப் போடலாம். குத்தகைக்காரர் அவருக்குக் கூலி கொடுப்பவர், இது ஆதிக்க நிலை, அனுமானம் எங்கள் பக்கம் என்று நாங்கள் வாதிட்டிருந்தால் 'நானாத்தாங்க குடிச்சேன்' என்ற வரி அவ்வளவு கனத்திருக்காது. நாங்கள் வாதிடவில்லை. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகக் கொடுத்த எழுத்துப்பூர்வ வாதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு வழக்குக்காகப் படித்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அந்த அம்மா திருப்பூருக்குப் போய்விட்டார். மேல்முறையீடு செய்யலாம், தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம் என்று போனில் சொன்னேன். "திரும்பவும் அந்தக் கூண்டுல ஏறணுமா?" என்று கேட்டார். மேல்முறையீட்டில் ஏற வேண்டியிருக்காது என்று விளக்கினேன். "வேணாம் கண்ணு" என்றார்.

சரி, தம்பியின் கேள்வியின் மறுபாதி. சட்டத்தில் ஆண், பெண் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆனால் அவர் தேடிய இடத்தில் இல்லை.

டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடுகிறது. பத்தரைக்கு வீட்டுக்கு வருகிற கணவர், வேண்டாம் என்று சொல்கிற மனைவி. போதையும் சம்மதமும் சந்திக்கிற இடத்தில் நம் மாவட்டத்தில் அதிகம் நடப்பது இதுதான், எந்த நீதிமன்றத்துக்கும் வராததும் இதுதான். மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் அது வல்லுறவு ஆகாது என்று 63இலேயே விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். குடித்த ஆணுக்கு இவ்வளவு பெரிய சலுகை சட்டத்தில் வேறெங்கும் இல்லை.

அடுத்தது, வல்லுறவு என்றால் ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டும் என்கிறது சட்டம். டெல்லி சம்பவத்துக்குப் பிறகு வர்மா குழு, பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினமாகவும் இருக்கலாம் என்று 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. பிப்ரவரி அவசரச் சட்டம் குற்றம் செய்பவரையும் பொதுப்பாலாக்கியது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன, புகார் கொடுக்கும் பெண் மீதே எதிர்ப்புகார் வரும் என்று. நியாயமான பயம். நம் ஊரில் வன்கொடுமைப் புகார் கொடுத்தால் உடனே எதிர்ப்புகார் வருவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் ஏப்ரலில் வந்த சட்டம், பாதிக்கப்படும் ஆண்களையும் திருநர்களையும் சேர்த்தே வெளியே தள்ளிவிட்டது. அங்கே எனக்கு உடன்பாடில்லை. 377 இருந்தவரை ஏதோ ஒரு பிரிவாவது இருந்தது. 2024 ஜூலை 1இலிருந்து அதுவும் இல்லை.

கூவாகம் நமக்குப் பக்கம்தான். சித்திரைத் திருவிழாவில் குடித்துவிட்டு வந்து திருநங்கைகளிடம் வம்பு செய்யும் ஆண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு திருநங்கை வல்லுறவுக்கு ஆளானால், 2019 சட்டப்படி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அதே குற்றம் பெண்ணுக்கு நடந்தால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு. திருநங்கை மணமகளாக இருக்கலாம், அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் மதுரைக் கிளை சொன்னது. 63இல் உள்ள 'பெண்'ணுக்குள் அவர் வருகிறாரா என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆண்கள் விஷயம். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையம், ராஜாக்கண்ணு. படம் பார்த்திருப்பீர்கள். லாக்கப்பில் நம் ஆண்களை அம்மணமாக்கி, மறைவிடங்களில் செய்யும் சித்திரவதையை, உள்ளே போய் வந்தவர்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை. அதை வல்லுறவு என்று சொல்ல நம் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்களுக்கும் நீதி வேண்டும் என்று கேட்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கினால் நான் கூட வருகிறேன்.

அந்தத் தம்பி இன்றைக்கும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசை. எஃப்.ஐ.ஆரில் என்னென்ன பிரிவு கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பிரதி எடுத்து வந்திருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(v)யும் அதில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கேள்விகள். மைக்கை முதலில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுங்கள்.