ஸைக்கிள் சங்கிலிக்கு ஏற்ற எண்ணெய்

(கம்பம் பள்ளத்தாக்கு வாசிகளுக்குரிய பிரசங்கம்)



வீட்டுக்கு வீடு மாட்டு வண்டி இருந்த காலத்தில், அச்சுக்கு மை இடாமல் எந்தக் குடியானவரும் சந்தைக்குப் புறப்பட்டதில்லை. இன்று அதே வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கும் ஸைக்கிளுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. சங்கிலி கிறீச்சிடும் வரையில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை; கிறீச்சிட்ட பின்னரோ, கைக்கு அகப்பட்ட எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். இவ்விரண்டும் தவறாகும்.

இது அற்ப விஷயமன்று. தோட்ட வேலைக்குச் செல்பவரும், பால் கொண்டு செல்பவரும் ஸைக்கிளை நம்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2001-2002-ல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கிய திட்டத்தினால் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் பலர் விலையின்றி ஸைக்கிள் பெற்றிருக்கின்றனர். பஸ் வசதி குறைந்த சிற்றூரிலிருந்து உத்தமபாளையத்துக்குப் படிக்கச் செல்லும் ஒரு பெண்ணின் சங்கிலி நடுவழியில் அறுந்தால், அவளுக்கு அன்றைய பாடம் போயிற்று. பழுது பார்க்கப் பணமில்லையேல் படிப்பே தடைப்படவும் கூடும்.

சங்கிலியின் அமைப்பை முதலில் அறிதல் அவசியம். மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பார் 1880-ல் உருவாக்கிய உருளைச் சங்கிலியே இன்றளவும் ஸைக்கிளில் ஓடுகிறது. சாதாரண ஸைக்கிளில் ஏறத்தாழ 110 கண்ணிகள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் நடுவே ஓர் ஊசி, அதன்மேல் ஒரு குழல், அதன்மேல் சுழலும் ஓர் உருளை என மூன்று அடுக்குகள் இருக்கின்றன. தேய்மானம் நிகழ்வது ஊசிக்கும் குழலுக்கும் இடையில். ஆகவே எண்ணெய் சேரவேண்டிய இடம் சங்கிலியின் உட்புறமேயன்றி வெளிப்புறமன்று. வெளியே வழியும் எண்ணெய் புழுதியைப் பிடிக்கும். புழுதியும் எண்ணெயும் கலந்த சேறு சாணைக்கல்லைப் போல் இரும்பை அராவிவிடும்.

இனி, எவை தகாதவை என்று பார்க்கலாம். கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசின்போல் இறுகும். தேங்காயெண்ணெய் 24 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே உறையத் தொடங்குவதால், மார்கழிக் காலையில் அது கட்டியாய் நிற்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமேயன்றி மசகாகாது. அதை மட்டும் இட்டு ஓட்டுவது வறண்ட சங்கிலியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். வண்டி மையும் கிரீஸும் கெட்டியானவை. மேலே அப்பிக்கொள்ளுமேயன்றி உள்ளே இறங்கா. மோட்டாரிலிருந்து வடித்த கழிவெண்ணெயில் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும். அது தோலில் அடிக்கடி படுவது புற்றுநோய்க்கும் இடந்தரும். இலவசமாகக் கிடைக்கிறதென்று அதை நாடுவது நஷ்டமே.

தக்கவை இரண்டு: ஒன்று, தையல் மிஷின் எண்ணெய், மற்றொன்று, புதிய மோட்டார் என்ஜின் எண்ணெய். எதை எப்பொழுது இடுவது என்பதைப் பருவமே தீர்மானிக்கும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குமலைக் கணவாய்களின் வழியே வீசும் காற்று தேனி, ஆண்டிபட்டிப் பக்கங்களில் புழுதியை வாரி இறைக்கும். அப்போது மெல்லிய தையல் மிஷின் எண்ணெயே நலம். அது உள்ளே விரைவில் இறங்கும், புழுதியைக் குறைவாகவே பிடிக்கும். ஆனால் விரைவில் வற்றுமாதலால் வாரம் ஒருமுறை இடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த எண்ணெய் கழுவப்பட்டுப் போகும். அப்போது கனமான என்ஜின் எண்ணெய் வேண்டும். கூடலூர்ப் பக்கத்தில் ஆடியிலும் சாரல் விழுவதுண்டு. அங்குள்ளோர் மாதப் பெயரைப் பாராமல் பாதையைப் பார்த்துத் தீர்மானிப்பதே தக்கது. பாதையில் சேறு தெறித்தால் கனமான எண்ணெய். புழுதி பறந்தால் மெல்லிய எண்ணெய்.

இடும் முறை எளிது. முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சங்கிலியைத் துடைத்து, நன்றாய் உலரவிட வேண்டும். அருகில் அடுப்போ விளக்கோ இருத்தலாகாது. ஸைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டு, கீழ்ப்புறத்துச் சங்கிலியின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம் விடவேண்டும். முழுச் சங்கிலிக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். விரலையும் துணியையும் பற்சக்கரத்தின் அருகே கொண்டுபோதல் அபாயம். கவனமின்மையால் விரலிழப்பதும் உண்டு. மாலையில் எண்ணெயிட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது முக்கியம். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கேடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சக்கர ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காதாகையால், அதையும் கவனித்துத் துடைத்துவிட வேண்டும்.

சங்கிலியின் ஆயுளை அறிய ஓர் அடிக்கோல் போதுமானது. இறுகப் பிடித்த சங்கிலியில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். வீசம் அங்குலம் மிகுந்தால் புதுச் சங்கிலிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். அரைக்கால் அங்குலம் மிகுந்தாலோ உடனே மாற்றவேண்டும். மாற்றாவிடில் நீண்ட சங்கிலி பற்சக்கரங்களின் பல்லையும் தின்றுவிடும், செலவு மும்மடங்காகும்.

வாரத்துக்குக் கால் மணி நேரமும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் செலவிட மனமிருந்தால் போதும். பெரியாறு அணை 1895-ல் முடிந்தபின் இப்பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது தண்ணீர் வந்ததனால் மட்டுமன்று. வந்த நீரை வாய்க்கால் தூர்ந்துபோகாமல் ஆண்டுதோறும் காத்த கைகளாலுமாகும். சங்கிலிக்கும் அத்தகைய கை வேண்டும்.