கைநாட்டு வைக்கும் முன்



"போய்ச் சேருகிற வயசில் படிப்பு எதற்கு?" என்று திண்ணையில் கேலி பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் பெற்ற பிள்ளைகளும் உண்டு. சர்க்கார்கூட ஒரு காலத்தில் வயதானவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களைத்தான் முக்கியமாக நினைத்தது. அந்தக் கணக்கில் 36 வயதுக்காரியும் கிழவிதான்!

கேரளாவில், ஆலப்புழை மாவட்டத்தில், கார்த்தியாயினி அம்மா என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். கோவில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். 100-க்கு 98 மதிப்பெண்! 2020-ல் நாரி சக்தி விருது பெற்றார். 2023-ல், 101 வயதில் காலமானார்.

விருது ஒரு பக்கம் இருக்கட்டும். வயதான காலத்தில் எழுத்து எங்கே உதவும்? பத்திர ஆபீசில் உதவும்.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகன் ஆட்டோ கொண்டு வருகிறான். "ஒரு கைநாட்டுத்தான், வா அம்மா" என்கிறான். அவள் கட்டைவிரலை மையில் தொட்டு வைக்கிறாள். அது தானப் பத்திரம். வீடு மகன் பேருக்குப் போய்விட்டது. அன்று இரவு நல்ல சாப்பாடு. ஆறு மாதம் கழித்து அவள் பாய் மாட்டுக் கொட்டகைக்குப் போகிறது.

இதற்கு 2007-ல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். பிழைக்க வழியில்லாத தாய் தகப்பன் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். முடியாதவர்களுக்காக வேறொருவரும் கொடுக்கலாம். மகனிடம் மட்டுமல்ல, மகளிடமும் கேட்கலாம். பிள்ளை இல்லாத 60 வயதுக்காரர், தன் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம்.

எழுதிக் கொடுத்த சொத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது. அந்தத் தாள் சொத்தை மீட்க உதவியது. அதனால் கைநாட்டு வைக்கும் முன் அந்த வரி இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டியாவது பாருங்கள். வாசிக்க வராவிட்டால், வீட்டார் அல்லாத ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"பெற்ற பிள்ளை மேலேயா மனுக் கொடுப்பது? ஊர் சிரிக்காதா?" என்று பல தாய்மார்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கொட்டகையில் தாய் படுத்திருப்பதைப் பார்த்து அந்த ஊர் ஏன் பேசாமல் இருக்கிறது?

முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567. பேசக் காசில்லை. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த ஐந்து எண்களையும் சுவரில் கரியால் எழுதச் சொல்லுங்கள்.