தாது வருஷத்தை எழுதிவைக்கும் கடமை

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் மாண்டோர் 50 லட்சத்துக்குக் குறையார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பாயிருக்க, அது மூண்ட தமிழாண்டின் பெயரால் தாது வருஷப் பஞ்சம் என வழங்கும் அப்பேரழிவு, இன்றைய மாணவருக்கு ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிட்டது. வானம் பொய்த்தது என்று சொல்லிக் கைகழுவ இயலாது. பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் ஆட்சிதான், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் ஓரணாவும் போதுமென்று, பஞ்சப் பணிக்கென அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளைக் கொண்டு விதித்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் வாதாடிய பிறகே அக்கூலி உயர்ந்தது.

இப்பஞ்சத்தைப் பற்றி மூத்தோர் சொல்லும், நான்கைந்து தலைமுறை கடந்த செவிவழிச் செய்தி சான்றாகுமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சாவுக்கணக்குக்கு அது சான்றாகாதுதான். அரசாங்கக் கணக்கே இன்னும் வழக்கில் கிடக்கிறது என்பது வேறு. ஆனால் எறும்புப் புற்றைக் கிண்டித் தானியம் எடுத்ததையும், கால்படி கம்புக்குக் கரிசல் காடு கைமாறியதையும் எந்தத் துரை குறித்துவைத்தான்? பேச்சில் நிற்பதைக் கேட்டு, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஊர், எந்த நாள் என்ற விவரங்களுடன், அவருடைய வட்டாரப் பேச்சைத் திருத்தாமல் பதிவதே வாய்மொழி வரலாறு எனப்படும் துறை. அதை வீட்டுப் பரணில் உறங்கும் பழைய கிரயப் பத்திரங்களோடு ஒத்துப்பார்க்க மாணவரைப் பழக்குவது ஆசிரியர் வேலை.

இதைச் சொல்லக் கரிவலம்வந்தநல்லூரைவிடத் தகுந்த ஊர் கிடையாது. ஏடு தேடி இங்கு வந்த உ.வே.சாமிநாதையர், பால்வண்ணநாதர் கோயிலில் இருந்த சுவடிகள், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்ற சாத்திரத்தின்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டன என்று கேட்டு மனம் நொந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். இன்று முதியோரின் பேச்சைப் பழங்கதையென்று ஒதுக்கும் படிப்பாளிகள் செய்வதும் அதே ஓமந்தான், நெய்ச்செலவு மட்டும் மிச்சம்.

ஆகவே இவ்வட்டாரப் பள்ளிகள் வரும் காலாண்டு விடுமுறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவரைத் தத்தம் தெருவின் மூத்தோரிடம் அனுப்பட்டும். எழுதிய ஏட்டின் ஒரு படி பள்ளியிலும் மற்றொன்று ஊர் நூலகத்திலும் இருக்கட்டும். அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்கட்டும்.