பழந்தீவும் போக அளவும்

(திருமலை விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி. 

கடலை விட்டு விலகி நிற்கும் திருமலையில், கடல் நடுவண் உள்ள தீவுகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்கு விடை இம்மலையின் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் இராசேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அவன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்துகையில், கடலையே தொன்மையான காவலாக உடைய பழந்தீவுகள் பலவற்றையும் சேர்த்து உரைக்கின்றது. அவன் தந்தை இராசராசனின் மெய்க்கீர்த்தியிலும் பழந்தீவுகள் இடம்பெறுகின்றன. அவற்றை மாலத்தீவோடும் இலட்சத்தீவோடும் இணைத்துக் காண்பர் வரலாற்றறிஞர்.

அன்று கடல் அத்தீவுகளுக்கு அரணாக இருந்தது. இன்று வானூர்தியும் விரைவுப் படகும் அவ்வரணைக் கடந்துவிட்டன. கடற்காவல் நீங்கிய பின் தீவைக் காப்பது எது? சுற்றுச்சூழலுக்கு உகந்த கடற்கரை விடுதி என்று விளம்பரங்கள் பேசும் இக்காலத்தில், அத்தகைய விடுதியைத் திட்டமிடுவோர் முதலில் எண்ண வேண்டியது எது? அது "அளவு" என்னும் ஒரு சொல்லே என்பதை எடுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கம்.

தீவின் இயல்பு

இலட்சத்தீவில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் 10. அனைத்துத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரே தேறும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. அத்தீவுகள் பாறை மலைகள் அல்ல. பவளம் கட்டிய மேடையின்மேல் பவள மணல் குவிந்தவை. அங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை மணலுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணற்றில் ஊறுவது அந்த நீரே. மழை தந்ததற்கு மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறும். கழிவுநீரைக் கசியவிட்டால் அதுவும் அதே நீரில் கலக்கும். ஆரணித் தறியில் பாவின் நீளத்துக்கு மேல் சேலை நெய்ய இயலாது. தீவில் அந்தப் பாவு நன்னீர். எத்தனை விருந்தினரைத் தாங்க இயலும் என்பதை முதலில் அதுவே முடிவு செய்கிறது.

சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அதனைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் நன்னீர் பெறும் அரிய முயற்சி அது. ஆயினும் அதை இயக்க மின்சாரம் வேண்டும். தீவுகளின் மின்சாரமோ பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கும் டீசலால் ஆவது. நீரை ஆக்கலாம், விலையின்றி ஆக்க இயலாது.

மூன்று குணவிரதங்கள்

இல்லறத்தார்க்கு அணுவிரதங்கள் ஐந்தோடு குணவிரதங்கள் மூன்று விதிக்கப்பட்டுள்ளமை இவ்வவை அறிந்ததே. சமந்தபத்திரர் வகுத்த முறையில் அவை திசை விரதம், அனர்த்ததண்ட விரதம், போகோபபோக பரிமாண விரதம் எனப்படும். தமிழில் அருங்கலச்செப்பு அவ்வழியே இல்லறத்தாரின் அறத்தை உரைக்கின்றது. தீவு விடுதிக்கு வரைபடம் எழுதும் பொறியாளர்க்கும் இம்மூன்றும் வழிகாட்டும்.

முதலாவது திசை விரதம்: இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன் என்னும் உறுதி. 2011-ஆம் ஆண்டின் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கை, ஒவ்வொரு தீவுக்கும் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்றது. உச்சநீதிமன்றம் அமைத்த நீதியரசர் ஆர். வி. இரவீந்திரன் தலைமையிலான வல்லுநர் குழு அத்திட்டங்களை ஆராய்ந்து பரிந்துரைகள் வழங்கியது. எங்கே கட்டலாம் என்பதற்கு முன் எங்கே கட்டலாகாது என்று கோடு வரைவதே அதன் பொருள். ஆமை முட்டையிடும் மணல், கடற்புல் படுகை, உயிருள்ள பவளம் ஆகியவை அக்கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும்.

இங்கேதான் நீர்மேல் குடில்கள் பற்றிய வழக்கு எழுகிறது. சுஹேலி, கத்மத் ஆகிய இரு தீவுகளிலும் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகள் அமையும் என 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சுஹேலியில் 50, கத்மத்தில் 35 குடில்கள் கரையில் அன்றிக் காயல் நீரின்மேல் அமையும் எனவும் அவ்வறிவிப்பு கூறியது. சுஹேலியில் மக்கள் நிலையாகக் குடியிருப்பதில்லை. பருவந்தோறும் மீனவர் வந்து தங்குவர். அதன் காயல் பெருஞ்சிப்பிகளும் பவளமும் வாழும் இடம். தூண் நடும்போது கலங்கும் வண்டலும், பின்னர் நிரந்தரமாக விழும் நிழலும் ஒளியால் வாழும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் கேடு. மின்தகடும் ஓலைக்கூரையும் அமைத்துவிட்டதனால் அக்கேடு நீங்காது.

இரண்டாவது அனர்த்ததண்ட விரதம்: பயனின்றி உயிரைத் துன்புறுத்தாமை. வீணே நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடி அறுத்தல் ஆகியவற்றை ஆன்றோர் இதன்கீழ் வைத்தனர். விடுதித் திட்டத்தில் இவற்றின் பெயர்கள் வேறு: கடலருகில் நீச்சல் குளம், நன்னீர் உண்ணும் புல்வெளி, இரவெல்லாம் கரையை நோக்கி எரியும் விளக்கு. ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் ஒளிமிக்க தொடுவானம் நோக்கிச் செல்லும் இயல்பின. கரை விளக்கு அவற்றைக் கடலுக்கு மாறான திசையில் இழுத்துவிடும். குளிப்போர் உடலில் பூசும் வெயில்காப்புப் பூச்சுகள் சிலவற்றிலுள்ள வேதிப்பொருள் பவளத்துக்கு நஞ்சு என்பதால், பலாவ் தீவுநாடு 2020-இல் அவற்றைத் தடை செய்தது. விளக்கைத் தாழ்த்துவதற்கும் பூச்சை மாற்றுவதற்கும் பெருஞ்செலவு இல்லை.

மூன்றாவது போகோபபோக பரிமாணம்: நுகர்வுக்கு முன்னரே அளவு குறித்தல். பங்காரம் தீவில் 1980களின் இறுதியில் கொச்சி நிறுவனம் ஒன்று தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திய விடுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓலை வேய்ந்த சில குடில்கள், குளிர்சாதனம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. அக்குறைகளை நாடியே விருந்தினர் வந்தனர். மறுபுறம் மாலத்தீவில் 1990களின் தொடக்கம் முதல் குப்பை கொட்டியே திலாஃபுஷி என்னும் தீவு எழுந்தது. அளவு குறிக்காத நுகர்வு எங்கேனும் ஓரிடத்தில் மலையாகக் குவியத்தான் செய்யும்.

விருந்தும் பட்டியும்

இம்மலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் சிகாமணிநாதர், இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாதர் ஆவார். கடற்கரை நகரான துவாரகையின் இளவரசராகத் திருமணத்துக்குச் சென்ற வழியில், பட்டியில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. அவை தம் திருமண விருந்துக்காக அடைக்கப்பட்டவை என்று அறிந்ததும் அவர் தேரைத் திருப்பினார்.

விருந்தினரின் மகிழ்ச்சிக்காக யாருடைய உயிர் பட்டியில் அடைக்கப்படுகிறது என்பதே அவர் கேட்ட வினா. தீவு விடுதியில் அப்பட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நீருக்குக் கீழே உள்ளது. கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து மணலாக வெளியேற்றுகிறது; விருந்தினர் நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு அதன் உழைப்பு. அம்மீன் விருந்தினர் தட்டுக்கு வந்தால், மணல் குறையும். பவளத்தை மூடும் பாசி பெருகும். சமண நூல்கள் பவளத்தை மண்ணுடல் உயிர்களின் வரிசையில் வைத்து எண்ணின. அறிவியல் அதனைச் சிற்றுயிர்களின் கூட்டம் என்கிறது. வகைப்பாடு வேறாயினும், அது உயிருடையது என்பதில் இரண்டும் ஒன்றே. கடல் வெப்பம் மிகுந்த 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுப் பவளம் வெளுத்து நலிந்தது. நோயுற்ற உயிரின்மேல் சுமை ஏற்றுவது எவ்வாறு அறமாகும்?

பவளம் நலிந்தால் தீவே நிலைக்காது. பங்காரத்தை அடுத்த பரளி-1 என்னும் தீவு அரிப்பால் முற்றிலும் மறைந்தமை 2017-இல் ஆய்வினால் வெளிப்பட்டது. தமிழகத்தின் மன்னார் வளைகுடாவிலும், சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதன் பின், 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவுகளில் விடுதி எதற்கும் இடமில்லை. சில தீவுகளுக்கு உரிய அளவு சுழியமே. அதனை ஏற்பதும் திட்டமிடலின் ஒரு பகுதியாகும்.

இல்லறத்தார் கடமை

சுற்றுலா அறவே கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. தீவு மக்களுக்கும் வருவாய் வேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். தங்கும் குடும்பங்கள் விடுதியாரிடம் நான்கு வினாக்கள் கேட்கலாம். நீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே செல்கிறது? தட்டில் வைக்கும் உணவு எவ்வுயிரின் விலை? தீவினர்க்கு இதில் என்ன பங்கு? விடை கூற இயலாத விடுதி, பெயரில் எத்துணைப் பசுமை பூசியிருந்தாலும், சூழலுக்கு உகந்ததன்று. அத்தகைய விடுதியில் பணம் முதலிடுவோர்க்கும் இவ்வினாக்கள் உரியவை.

இதே அளவுகோல் திருமலைக்கும் பொருந்தும். விழா நாளில் மலையடிவாரமும் ஒரு சிறு தீவே. வருவோர் பலர், நீர் ஓரளவே, கழிவு ஓரிடத்திலேயே தங்கும். குந்தவை எடுப்பித்த ஜினாலயமும் பழந்தீவைப் பாடிய பாறையும் ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கின்றன. பந்தல் பிரிக்கும் மாலையில் அப்பாறையருகே நெகிழிக் குவளை ஒன்றும் கிடவாதபடி காப்பது, இவ்விழாவுக்கு வந்த ஒவ்வொரு குடும்பமும் இன்றே மேற்கொள்ளத்தக்க போக அளவு விரதம்.

எல்லா உயிரும் நலம் பெறுக.