ஸ்டெம் செல்லும் ஆட்டிசமும்

(திருவனந்தபுரம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு, தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன்.

2023-ல் என் மருமான் மனைவி, குழந்தையோடு கரமனைக்கு வந்தான். நான்கு வயதுப் பையன். ஆட்டிசம், பேச்சு வரவில்லை. "மாமா, ஸ்டெம் செல் போட்டா சரியாயிடுமாம். பல லட்சம் ஆகும். கிராமத்து ஆத்துப் பங்கை வித்துடலாமா?" என்றான். பையனோ ஊஞ்சல் சங்கிலியை ஆட்டி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாரம் டயம் கேட்டேன்.

எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லால் ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் வைத்தியம் நடக்கிறது. அது நிரூபணமான விஷயம். அந்தப் பெயரை வைத்துத்தான் ஆட்டிசத்துக்கும் விளம்பரம் செய்கிறார்கள். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்து, முதுகுத்தண்டு நீரில் செலுத்துவார்களாம். 'பிறகு பேச ஆரம்பித்தான்' என்று வீடியோ. நாலு வயதுக் குழந்தை வளர வளர, பயிற்சியாலும் சில வார்த்தைகள் பேசத்தானே செய்யும்? ஊசி போடாத குழந்தையோடு ஒப்பிட்டால்தானே கணக்கு டாலியாகும்!

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் அப்படித்தான் ஒப்பிட்டார்கள். 180 குழந்தைகள், சிலருக்குத் தொப்புள்கொடி ரத்தம், மற்றவர்களுக்கு வெறும் திரவம். 2020-ல் வெளியான முடிவு: பிறரோடு பழகும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நம் தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில், இதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது, அளிப்பது தொழில் ஒழுங்கீனம் என்றது. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதை வைத்தியமாகத் தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 'ஆராய்ச்சிதான் சார்' என்று யாராவது சொன்னால், மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். உண்மையான ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டு நெறி.

2023-ல் அதுவரை தெரிந்ததையெல்லாம் சொன்னதும் மருமான் பேசாமல் இருந்தான். அவன் மனைவிதான், "அப்போ ஒண்ணுமே பண்ண வேண்டாம்ங்கறேளா மாமா?" என்று கண் கலங்கினாள். எனக்குத் தொண்டை அடைத்தது. தப்பைக் கண்டுபிடிப்பதோடு தணிக்கைக்காரன் வேலை முடிந்துவிடும். தகப்பனுக்கும் தாய்க்கும் முடியாதே.

மறுநாள் நானே அவர்களை ஆக்குளம் 'நிஷ்' நிறுவனத்துக்கு அழைத்துப் போனேன். பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் இன்றும் நடக்கின்றன. பலன் மெதுவாகத்தான். கிராமத்து வீடு விற்கப்படவில்லை. போன மாதம் வந்த பையன் என் வேஷ்டியைப் பிடித்து இழுத்து, "ஊஞ்ச" என்றான். நான் எழுந்து இடம் விட்டேன்.