தொடாமல் ஏறும் மின்சாரம்



புதிய மோட்டார் வண்டிகள் பலவற்றில், முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரு சிறு தட்டம் அமைந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கைத்தொலைபேசியை அதன்மேல் வைத்தாற் போதும். கம்பி எதுவும் பூட்டாமலே அதன் பற்றரிக்கு மின்னேற்றம் நடைபெறும். யப்பானிலே டொயோட்டா நிறுவனத்தார் இதற்கு வழங்கும் பெயரின் பொருளே ‘வைத்தாற் போதும்’ என்பதுதான்.

வைத்தாற் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். என் தமக்கையாரைக் கொழும்பிலே ஒரு வைத்தியசாலையிற் சேர்ப்பிப்பதற்காக, ஒரு நாள் முற்பகலில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். வண்டியைச் செலுத்தியவன் அவருடைய மகன். வைத்தியர் எத்தனை மணிக்கு வருவார், எந்த வாயிலால் உட்செல்லவேண்டும் என்பனவற்றையெல்லாம் அங்கிருந்து தொலைபேசியிலே அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வழிகாட்டும் படமும் அதே தொலைபேசியில்தான். தட்டத்தின்மேல் வைத்தோம், பச்சை விளக்கு எரிந்தது, பிறகு அதைப்பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. புத்தளத்தை அணுகுகையில் திரை திடீரென மங்கிற்று. கையில் எடுத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுட்டது. புறப்படும்போது பாதிக்குமேல் இருந்த மின்னேற்றம் ஐந்திலொன்றாய்க் குறைந்திருந்தது.

“பச்சை விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, மாமா?” என்றான் மருமகன். பின்னிருக்கையிலே தமக்கையார் கண்களை மூடிக்கொண்டிருந்தார். வைத்தியசாலையார் அழைக்கும் வேளையிலே இது அணைந்துபோனால் என்ன செய்வது என்ற எண்ணம் எனக்கு.

விளக்கு பொய் சொல்லவில்லை. மின்சாரம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அது எவ்வாறு போய்ச் சேருகிறது என்பதை அறிந்தால், ஏன் போதாமற் போயிற்று என்பதும் விளங்கும்.

1831ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29ஆம் நாள், இலண்டன் மாநகரிலே மைக்கேல் பரடே என்னும் அறிஞர் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செப்புக்கம்பிச் சுருள்களைச் சுற்றினார். இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒன்றிலே மின்கலவடுக்கைப் பூட்டிய கணத்தில், மற்றையதனோடு இணைத்திருந்த காந்தவூசி துள்ளிற்று, பின்னர் அடங்கிவிட்டது. பூட்டைக் கழற்றியபோது மீண்டும் துள்ளிற்று. மின்னோட்டம் சீராய் ஓடுகையில் ஒன்றும் நிகழவில்லை. அது மாறுகின்றபோது மாத்திரமே அடுத்த சுருளிலே மின்சாரம் பிறந்தது. மின்காந்தத் தூண்டல் என்று நாம் இதனைக் கூறுகிறோம். அந்த வளையம் இன்றும் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனிலே பேணப்பட்டு வருகிறது.

வண்டியிலுள்ள தட்டம் செய்வதும் இதுவே. வண்டியின் 12 வோல்ற்றுப் பற்றரி தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். அதனைத் தட்டத்தினுள் இருக்கும் கருவி, ஒரு செக்கனில் நூறாயிரம் தடவைக்கு மேல் திசைமாறும் ஆடலோட்டமாக்கித் தட்டையானதொரு செப்புச் சுருளினூடே செலுத்துகிறது. தொலைபேசியின் முதுகுப்புறத்தில் இன்னொரு சுருள் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் தூரமே இருக்கலாம். பிடித்த மின்சாரத்தைத் தொலைபேசி மறுபடி நேரோட்டமாக்கித் தன் பற்றரிக்குக் கொடுக்கிறது. ‘இன்னும் தா’, ‘குறைத்துக்கொள்’ என்று அது தட்டத்துக்கு இடைவிடாது செய்தியும் அனுப்புகிறது. இடையிலே ஒரு நாணயம் கிடந்தால் அந்நாணயமும் காந்தப்புலத்திற் சூடேறும். அதனை உணர்ந்து நின்றுவிடும் காவலும் தட்டத்துக்கு உண்டு.

உலகெங்கும் ஒரே முறையாக இதனை அமைப்பதற்கு 2008ஆம் ஆண்டிலே நிறுவனங்கள் பல ஒன்றுகூடின. அவை வகுத்த முறைக்குச் ‘சீ’ என்று பெயர். சீன மொழியிலே உயிராற்றல் என்பது பொருளாம். நம்முடைய செவிக்கு அது வேறு விதமாக ஒலிப்பது அவர்கள் பிழையன்று! டொயோட்டாவின் அவலொன் என்னும் வண்டியில் இம்முறை முதன்முதலாக இடம்பெறும் என்று 2012ஆம் ஆண்டின் இறுதியிலே அறிவிக்கப்பட்டது. 2017இல் அப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளும் இதனை ஏற்றுக்கொண்ட பின்னர், வண்டி செய்வோர் பலரும் இதனைச் சேர்க்கத் தொடங்கினர்.

எங்கள் தொலைபேசிக்கு என்ன நேர்ந்தது? சுருளும் சுருளும் நேருக்கு நேர் பொருந்தியிருந்தாலுங்கூட, அனுப்பிய மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகக் கழியும். சற்று விலகினாலோ, அப்பங்கு பெருகும். வீட்டு மேசையிலே வைத்த பொருள் வைத்த இடத்திற் கிடக்கும். வண்டியிலே ஒவ்வொரு பள்ளமும் அதனை ஓர் இறையளவு நகர்த்தும். அதற்கு மேலே தடித்த தோலுறை. கண்ணாடியூடாக விழுந்த உச்சி வெயில். முழு ஒளியோடு எரிந்த வழிப்படம். காட்டுப்பகுதிகளிலே தொடர்புக்கோபுரத்தைத் தேடித் தேடித் தொலைபேசி செலவிட்ட ஆற்றல் வேறு. இலிதியம் பற்றரிக்கு வெப்பம் ஆகாது. அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளை 35 பாகைக்கு மேற்படாத சூழலிலே பயன்படுத்துமாறு கூறுகிறது. வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறம் 50 பாகையையும் தாண்டும். ஆகவே சூடேறிய தொலைபேசி, தன் பற்றரியைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, ‘குறைத்துக்கொள்’ என்று தட்டத்துக்குச் சொல்லியிருக்கிறது. தட்டம் பணிந்தது. வரவு குறைந்தது, செலவு குறையவில்லை.

இக்குறைகளை அறிந்துதான் சில வண்டிகளிலே தட்டத்துக்கு அடியில் சிறு விசிறி வைத்திருக்கிறார்கள். 2023இல் அறிவிக்கப்பட்ட ‘சீ’யின் இரண்டாம் பதிப்பிலே, தொலைபேசியை உரிய இடத்திற் கவ்விப்பிடிக்கும் காந்த வளையமும் சேர்ந்தது. சுருள் விலகும் குறைக்கு அது நல்ல மருந்து. வெயிலுக்கு அது என்ன செய்யும்?

கம்பியைத் தேடித் தடவும் ஓட்டுநரின் கண் வீதியைவிட்டு விலகுகிறதே, அந்த ஆபத்தைத் தட்டம் நீக்குகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். பட்டினத்துக்குள் ஓடும் சிறு பயணங்களுக்கு நானும் அதனையே பயன்படுத்துகிறேன்.

அன்று புத்தளத்திலே ஒரு தேநீர்க்கடை வாசலில் வண்டியை நிறுத்தினோம். உறையைக் கழற்றினோம், குளிர்காற்று வரும் துவாரத்தருகே தொலைபேசியைச் சற்று ஆறவிட்டோம், பழைய கம்பி ஒன்றைப் பெட்டியினுள் தேடியெடுத்துப் பூட்டினோம். சிலாபம் தாண்டியபின் வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. தமக்கையாரே எடுத்துப் பேசினார். வைத்தியர் ஏழு மணிக்கு வருவாராம், பின்வாயிலால் வரவேண்டுமாம்.